ஹர்த்தால் அன்று கத்தாத பெட்டி

"வீட்ல என்ன இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

எனக்கும் அக்காவுக்கும் கேள்வி புரியவில்லை. கம்பம் டவுனில் குழந்தைகளை மட்டும் பார்க்கிற டாக்டர் அவர். அக்காவின் மகள், இப்போதுதான் இரண்டு வயது முடிந்தவள், என் மடியில் உட்கார்ந்து அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று முனகுவது போலச் சத்தம். மழை போனால் சரியாகிவிடும் என்றார்கள். மழை போய்ப் பனியும் வந்துவிட்டது, பூனைக்குட்டி போகவில்லை.

"என்ன இருக்குன்னா... கட்டில், பீரோ, டிவி" என்றாள் அக்கா.

"அது இல்லம்மா. புகையா, தூசியா, ஈரச் சுவரா? ஏதோ ஒண்ணு இவளுக்கு ஒத்துக்கலை. அதைக் கண்டுபிடிச்சு வெளியே போடுங்க. இல்லைன்னா நான் மருந்து எழுதிக்கிட்டேதான் இருக்கணும்."

அவர் எழுதத் தொடங்கினார். நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். காற்றைச் சுத்தம் செய்கிற வெள்ளை மிஷின் ஒன்று சுவரோரம் நின்றது. அதன் நெற்றியில் பச்சையாக ஒரு எண். அக்கா சேலையை உதறி எழுந்தபோது அந்த எண் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கியது. அந்த நொடியில்தான் எனக்குள் சுருக்கென்றது. டாக்டர் அறைக் காற்றுக்கு ஒரு எண் இருக்கிறது. எங்கள் வீட்டுக் காற்றுக்கு ஏன் இல்லை? இவ்வளவு நாளும் ஏன் எனக்குத் தோன்றவில்லை? நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கம்பத்தில் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற கடையில் வேலை பார்க்கிறேன். வாசலில் திருடன் வருகிறானா என்று பார்க்க ஊரெல்லாம் கேமரா மாட்டிவிட்டு வருகிறோம். மூக்கு வழியாக வருகிற திருடனைப் பார்க்க எங்கள் வீட்டிலேயே ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் திரும்பும்போதே, காற்றை அளக்கிற பெட்டி ஒன்று செய்ய போனில் பாகங்களைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. அக்காவுக்கு அப்பாவின் பீடி மேல் சந்தேகம். அப்பாவுக்கு அக்காவின் கொசுவத்திச் சுருள் மேல். அம்மாவுக்குப் பின்பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தின் மேல். ஆளுக்கொரு குற்றவாளியைக் கையில் வைத்திருந்தோம். எல்லோருடைய குற்றவாளியும் அடுத்தவருடைய சாமானாகத்தான் இருந்தது. எங்கள் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சாட்சி வேண்டும் என்று எனக்கு உறுதியானது.

பாகங்கள் வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வைஃபை போர்டு, தூசியை எண்ண ஒரு சென்சார், சிலிண்டர் கசிந்தால் சொல்ல ஒன்று, சூட்டையும் ஈரத்தையும் பார்க்க ஒன்று. கடைசியாக ஒரு பொடிச் சில்லு. பெயிண்ட், பெட்ரோல், பூச்சி மருந்து என்று ஆவியாகிப் பறக்கிற எதையும் அது மோப்பம் பிடிக்கும். ஆனால் பிடித்தது இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாது.

"பேரு சொல்லாதுன்னா அதுக்கு நாயி போதுமே" என்றார் அப்பா. அவர் தேங்காய் லோடு ஏற்றப் போகிறவர். வேலை முடிந்து வந்தால் உடம்பில் மிச்சமிருக்கிற ஒரே பலம் வாயில்தான் இருக்கும். "அதுக்காச்சும் சோத்தப் போட்டா போதும். இதுக்குக் கரண்டு கொடுக்கணும், நெட்டு கொடுக்கணும்."

"நாய் போனுக்குச் செய்தி அனுப்புமா?"

"குரைக்கும்ல? அத விடவா?"

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஈயப் பற்று வைத்து ஒயர்களை ஒட்டினேன். பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவின் மூடியில், சூடு காட்டிய ஆணியால் துளைகள் போட்டேன். ஒரு சின்னப் பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, கத்துவதற்கு ஒரு பஸ்ஸர். காற்று கெட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போகிற மாதிரி அமைத்தேன். பட்டணத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கென்று அழகான பெட்டிகள் விற்கிறார்கள், தெரியும். எங்கள் வீட்டுச் சுவருக்கு என் டப்பா போதும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

எங்கே வைப்பது என்பதில் அம்மா தலையிட்டாள். மாதா சுரூபம் இருக்கிற அலமாரித் தட்டில் மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துவிட்டு இடம் செய்தாள்.

"மாதா பக்கத்துல இருந்தா பொய் சொல்லாது."

முதல் நாளே அது ஊரைக் கூட்டியது. அக்கா காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டுக் குழம்பு தாளித்தாள். பெட்டி சிவப்பாகிக் கத்தியது. எல்லோருடைய போனிலும் "வீட்டுக் காற்று மிக மோசம்" என்று செய்தி. லோடு ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னணியில் கூட இருந்தவர்களின் சிரிப்பு.

"ஏ ஆத்தா, கொழம்பு தாளிச்சா போலீசக் கூப்புடுது ஒன் மிசினு. வெஞ்சனம் வறுத்தா ராணுவம் வருமா?"

அடுப்படியின் கணக்கைத் தனியாகப் பிரித்துவிட அதற்குக் கற்றுக்கொடுத்தேன். அடுத்து, காலையில் வீடு கூட்டும்போது தூசி ஏறுவது தெரிந்தது. துடைப்பத்தை விட்டு ஈரத்துணிக்கு மாறினோம். வாசலில்தான் பிடிக்கிறேன் என்று அப்பா சத்தியம் செய்த பீடி, காற்றோடு திரும்பி உள்ளே வருவதும் தெரிந்தது. "மாதாகிட்டயே உளவாளிய உக்கார வச்சிட்டாளே" என்று முனகிக்கொண்டு அவர் தெருமுனைக்குப் போனார். கொசுவத்தியை நிறுத்திவிட்டு அக்கா தொட்டிலுக்குக் கொசுவலை வாங்கினாள்.

இத்தனை செய்தும் ஒரு கோடு மட்டும் அடங்கவில்லை. போனில் பார்த்தால் பகல் முழுக்க மோப்பச் சில்லின் கோடு தரையோடு கிடக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் செங்குத்தாக எழும்பும். பிறகு சாப்பாட்டு நேரம் தாண்டியும் மெதுவாகத்தான் இறங்கும். அந்த நேரத்திலிருந்துதான் குழந்தையின் நெஞ்சும் முனக ஆரம்பிக்கும்.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் அம்மா. "பின்னாடி தோட்டத்துல வெயிலு தாந்தாப்புலதான் மருந்தடிப்பாக."

இந்த முறை அப்பாவும் அவள் பக்கம். பின்பக்க ஜன்னலைச் சாத்திப் பழைய துணியை இடுக்கில் அடைத்தோம். கோடு முன்பைவிட உயரமாக ஏறியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடையிலிருந்து வந்த கையோடு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரரைச் சின்ன வயதிலிருந்தே பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். பந்தலுக்கடியில் குனிந்து கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, சாயங்காலம் மருந்தடிக்கிறத நிப்பாட்டுங்க. பிள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கு."

"யாரு அடிச்சா? கண்ணத் தொறந்து பாரு. கொத்து கனிஞ்சு தொங்குது, இந்த வாரம் அறுப்பு. இப்ப மருந்தடிச்சா ஏவாரி ஒரு பழத்தத் தொடுவானா?"

"எங்க மிசினு காட்டுதே."

"அப்பச் சரி, அந்த மிசினக் கொண்டாந்து இங்கன கட்டித் தொங்க விடு. காக்கா கிளியாச்சும் வராம இருக்கும்."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றி, பவர் பேங்க் மாட்டி, அவர் பந்தல் கம்பியிலேயே கட்டித் தொங்கவிட்டேன். "ஏலே, நெசமாவே தொங்க விட்டுட்டாளே" என்று தோட்டத்து ஆள்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் முன்னாலேயே இருட்டும் வரை போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டி பச்சையாகவே இருந்தது. அவிழ்த்துக்கொண்டு வரும்போது அவர் இரண்டு கொத்து பறித்துக் கையில் திணித்தார்.

"பிள்ளைக்குக் கொடு. நல்லாக் கழுவிட்டுக் கொடு" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் வேண்டுமென்றுதான் சொன்னார்.

தோட்டம் இல்லையென்றால் வேறு என்ன? எதுவும் பிடிபடவில்லை. அப்பா, "மிசினுக்கே இழுப்பு வந்துருச்சு போல" என்றார். அதைக் கழற்றிப் போடச் சொல்லி அக்காவும் கேட்க ஆரம்பித்தாள். முடியாது என்றேன். கோடு பொய் சொல்லவில்லை, எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு.

அந்த வாரம் நடுவில் மலைக்கு அந்தப் பக்கம் ஹர்த்தால் வந்தது. கேரளாவில் ஹர்த்தால் என்றால் எங்கள் பக்கத்து ஜீப்புகள் மலை மேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகாது. அங்கே காய் எடுக்கப் போகிற அம்மாவை, ஜீப் ஏறாத நாளில்தான் பகல் வெளிச்சத்தில் வீட்டில் பார்க்கலாம். அன்று அவள் கருவாட்டுக் குழம்பு வைத்து, பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மெத்தையையும் மலைக்குப் போடுகிற துணியையும் வெயிலில் போட்டிருக்கிறாள். நான் கடையில் இருந்தேன். பொழுது சாய்ந்தது. போன் சும்மா இருந்தது. எடுத்துப் பார்த்தேன், கோடு தரையோடு படுத்திருந்தது. நெட் போய்விட்டதோ என்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பெட்டி உயிரோட இருக்கா?"

"இருக்குடி. பச்சையா முழிச்சுக்கிட்டு இருக்கு."

"தோட்டத்துல யாராச்சும் இருக்காகளா?"

"அறுப்பு நடக்குது, அம்புட்டுப் பேரும் இருக்காக. ஏன்?"

ஒன்றுமில்லை என்று போனை வைத்தேன். அன்று வழக்கமாக நடக்கிற ஒன்றே ஒன்றுதான் நடக்கவில்லை. அம்மா மலையிலிருந்து வரவில்லை.

மறுநாள் ஜீப் ஓடியது. கடையில் பொய் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பி வந்து பெட்டிக்குக் கீழே உட்கார்ந்தேன். தெருவில் ஜீப் ஹாரன் கேட்டது. குழந்தை தொட்டிலிலிருந்து சறுக்கி இறங்கிக் கதவுக்கு ஓடினாள். அம்மா உள்ளே வந்தாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துணி, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதா. மலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இந்த உடுப்புத்தான். அந்தச் சட்டையை வாரத்துக்கு ஒரு தடவைதான் துவைப்பார்கள். எப்படியும் நாளைக்குச் செடிக்குள் நுழைந்தால் கறையாகப் போகிறது, தினமும் துவைத்தால் பனியில் காயவும் காயாது. வாசலில் போட்டால் பனியில் நனையும் என்று வீட்டுக்குள் ஆணியில்தான் மாட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆணி, தொட்டிலிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

அம்மா குழந்தையைத் தூக்கினாள். குழந்தை அந்தச் சட்டைக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாள் முழுக்க அது காத்திருந்தது இதற்குத்தான். பெட்டி கத்தியது.

அம்மா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குழந்தையை மறுபடி தூக்கிக்கொண்டாள். பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் தொட்டில் உயரத்தில் பிடித்தேன். எண் சரசரவென்று ஏறியது. வாசலுக்குக் கொண்டுபோனேன், இறங்கியது. திரும்பக் கொண்டுவந்தேன், ஏறியது.

"இன்னைக்கு மலையில மருந்தடிச்சாகளாம்மா?"

"என்னைக்கு அடிக்கல? நாங்க காய் எடுத்துக்கிட்டே வருவோம், அடுத்த நெரையில டியூப இழுத்து அடிச்சுக்கிட்டே வருவாக. செடியெல்லாம் சொட்டச் சொட்ட நிக்கும். உள்ள பூந்துதான காய் எடுக்கணும்?"

நான் அடக்கிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னேன். எப்படி மெதுவாகச் சொன்னாலும் அது ஒரே அர்த்தத்தில்தான் போய் விழும். அம்மா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள். அந்தச் சேலையும் மலைக்குப் போய்வந்த சேலைதான் என்பது நினைவுக்கு வந்ததும் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப நாந்தான் விஷமா?"

"நீ இல்லம்மா. சட்டை."

"சட்டை மலையில இருந்து தானா எறங்கி நடந்து வந்துச்சாக்கும்?"

வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை வாசற்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டி அழுதது. அம்மா திரும்பவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "போதுமா ஒனக்கு? கண்டுபிடிச்சுட்டேல்ல?" என்றாள். தவறு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வந்தது கோபம். அம்மா மேல் இல்லை. அவளுக்கு ஒரு கையுறைகூடக் கொடுக்காமல் சொட்டுகிற செடிக்குள் அனுப்பியவர்கள் மேல். ஊரில் ஏலக்காய் விலை ஏறினால் எல்லோரும் பேசுகிறார்கள். அதைப் பறித்தவள் என்ன உடுத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

அதன்பின் நடந்ததைச் செய்தது அப்பா. யாரிடமும் எதுவும் சொல்லாமல் தோட்டக்காரரிடம் பந்தல் தாங்குகிற பழைய கல்தூண்களைக் கேட்டு வாங்கி வந்து குழாயடியில் நட்டார். தகரம் அடித்தார், கதவுக்குச் சாக்குப்படுதா தொங்கவிட்டார், உள்ளே துணிக்கொடி கட்டினார். முடித்ததும் வாய் திரும்பிவிட்டது.

"மகராணிக்கு வாசல்லயே குளியலறை. வெந்நி வச்சுக் காத்திருக்க வேலக்காரனும் ரெடி."

மறுநாளிலிருந்து அம்மா ஜீப்பிலிருந்து இறங்கியதும் உள்ளே வராமல் நேரே அதற்குள் போனாள். மலை உடுப்பெல்லாம் மூடிபோட்ட வாளிக்குள். தலைக்கு ஊற்றி, மாற்றுச் சேலை கட்டி, பிறகுதான் படி ஏறுவாள். ஜீப்பில் வரும் பெண்கள் தெருவில் நின்று சிரித்தார்கள்.

"என்ன மைனி, பொழுதன்னைக்கும் ஞானஸ்நானம் எடுக்கிறிக?"

"ஆமாண்டி, ஒனக்கும் எடுக்கணும். வா உள்ள" என்று தகரத்துக்குள்ளிருந்து அம்மா கத்துவாள்.

சாயங்காலக் கோடு இறங்கியது. ஒரேயடியாக இல்லை, தயங்கித் தயங்கி. குழந்தையின் நெஞ்சுச் சத்தமும் அப்படித்தான். முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்து இல்லாமலே தூங்குகிற நாள்கள் வர ஆரம்பித்தன. ஒன்று மட்டும் ஆறவில்லை. ஜீப் ஹாரன் கேட்டதும் குழந்தை வாசலுக்கு ஓடும், அம்மா அவளைத் தாண்டித் தகரத்துக்குள் போவாள். குளித்து முடிக்கும்வரை படியில் நின்று அழும். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் அவசர அவசரமாகக் கேட்கும்.

ஒரு நாள் தலை துவட்டிக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டாள்.

"இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போக முடியுமா?"

"எங்கம்மா?"

"மலைக்குத்தான். இங்கன இவ்வளவு கத்துதே, அங்கன என்ன கத்து கத்துதுன்னு பாக்கணும். என் பேத்திய வாசல்ல அழுக விட்டுட்டுக் குளிக்கிறேன். இந்தக் கருமத்த என் மேல ஊத்துறவுக அத ஒரு தடவ காதால கேக்கட்டும்."

நான் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது, அவளுக்கு முதலில் தோன்றிவிட்டது. வைஃபை இல்லாத இடம், அதனால் அளவையெல்லாம் உள்ளேயே ஒரு மெமரி கார்டில் எழுதிக்கொள்கிற மாதிரி செய்ய வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும். டிபன் கேரியரின் அடித்தட்டில் துளை போட்டு உள்ளே மறைத்துவிடலாம் என்று சொன்னேன்.

"எதுக்கு மறைக்கணும்? நான் என்ன ஏலக்காயத் திருடிட்டா வாறேன்?" என்றாள் அம்மா. "கழுத்துல மாட்டு. ஆபீசுக்குப் போறவுக மாட்டிருப்பாகல்ல, அந்த மாதிரி."

விஷயம் ஜீப் ஓட்டுகிற அண்ணன் காதுக்குப் போய்விட்டது. ஆள் சேர்ப்பதும் அவர்தான், தோட்டத்தில் கங்காணியிடம் பதில் சொல்வதும் அவர்தான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

"யக்கா, ஒனக்கு எதுக்கு இந்த வேல? கழுத்துல என்னத்தயோ மாட்டிக்கிட்டு வந்தா கங்காணி மொத ஆளா ஒன்னத்தான் எறக்கி விடுவாக. அப்புறம் என் வண்டியவே வேணாம்பாக."

"எறக்கி விடட்டும் தம்பி. எறக்கி விட்ட எடத்துல நின்னு அளப்பேன்."

"வேலக்கி வேற ஆளு வராதுன்னு நெனக்கிறியா?"

"வரும். வாற ஆளுக்கும் எம் மக ஒண்ணு செஞ்சு கொடுப்பா."

பின்சீட்டில் இருந்த பெண்களில் ஒருத்தி, "எனக்கு ஒண்ணு சொல்லி வையிங்க மைனி" என்றாள். சிரிப்புக்குச் சொன்னாளா என்று எட்டிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அண்ணன் ஹாரனை ஓங்கி அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். வராதே என்று அவர் முடிவாகச் சொல்லவும் இல்லை.

இப்போது மேசை மேல் புதுப் பெட்டி கிடக்கிறது. சோப்பு டப்பா அளவு, பின்னால் கழுத்துப் பட்டைக்கு வளையம். அதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. மலைப் பனியின் ஈரத்தையே மருந்து என்று அது தப்பாக எடுத்துக்கொண்டால், நாங்கள் சொல்வதையெல்லாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை இட்லிச் சட்டி ஆவியில் காட்டி, வெறும் ஈரத்துக்கு அது என்ன எண் சொல்கிறது என்று பார்க்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி மலை மேல் கம்பம்மெட்டு வரை போய், மருந்தடிக்காத இடத்தில் பனிக்குள் நின்று ஒரு அளவு எடுக்கப் போகிறேன். திங்கட்கிழமை ஜீப் வரும்போது அது அம்மாவின் கழுத்தில் இருக்கும், சட்டைக்கு மேலே, எல்லோரும் பார்க்கிற மாதிரி.